கடுகு நாட்டை அணைத்தபோது

அன்று மழை பெய்ததா என்று சரியாக நினைவில்லை. உலகப் பொருளாதாரத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பலம் என்று அண்ணனும் தங்கையும் கணக்கிட்டு, வெளியிட ஒரு பட்டியல் போட்டார்கள். அவன் செல்வத்தை அளந்தான். ஒரு நாட்டின் வணிகம் நின்றுபோனால் எத்தனை நாடுகள் தடுமாறும் என்று அவள் அளந்தாள். அவன் ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளுடைய பல வருட உழைப்பு குப்பைக்குப் போய்விடும்.

“இந்தக் கடுகு நாட்டையா முன்னாடி வைக்கச் சொல்றே? ஈ உக்காந்தாலே மறைஞ்சிடும்மா!”

“அதோட விளக்கை அணைச்சுத்தான் பாரேண்ணா.”

அணைத்தான். சுவர்த்திரையில் விளக்குகளாக எரிந்த நாடுகளில், அதன் துறைமுகத்தை நம்பிய பெரிய நாடுகளெல்லாம் ஒவ்வொன்றாக மங்கின. அண்ணன் தன் கையாலேயே அந்த நாட்டைப் பட்டியலின் முன்வரிசைக்கு ஏற்றினான்.

பட்டியல் அவள் முறைப்படியே வெளிவந்தது. அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டான். அவள் இன்னும் அளக்கிறாள். தங்கள் விளக்கை ஒருமுறை அணைத்துப் பார்த்தார்கள் என்பது அந்தச் சின்ன நாட்டில் யாருக்கும் தெரியாது.