போயா தினத்தில் நுளம்பு ஒழிப்பு

எங்கள் தெருவான சமகி மாவத்தைக்குப் பிரதேச சபை அனுப்பிய சுற்றறிக்கையில் நான்கு விதிகள் இருந்தன. ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை தம் முற்றத்தையும் கூரைப் பீலியையும் சோதிக்க வேண்டும். நீர் தேங்கும் பொருள் எதையும் வைத்திருக்கக் கூடாது. நீரில் நெளியும் நுளம்புக் குடம்பியைக் கண்டவர், தம் வீடாயினும் அயல் வீடாயினும், உடனே அறிவிக்க வேண்டும். மீறுபவர் நீதவான் முன் நிறுத்தப்படுவார். முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவன் என்பதால் டெங்கு ஒழிப்புக் குழுவின் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. மூன்றாம் விதியை முதன்முதலில் நிறைவேற்றியவனும் நானே. எதிர் வீட்டு முச்சக்கர வண்டிக்காரன் ஜயலத்தின் முற்றத்தில் கிடந்த நான்கு டயர்களைப் பற்றி எழுத்து மூலம் முறையிட்டேன்.

"டயர்ல தண்ணி நிக்குதுன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா நானே கவிழ்த்திருப்பேனே சேர்! அதுக்கு ஆபீசுக்கு ரெண்டு பக்கம் கடிதமா?" என்றான்.

"மூன்று பக்கம்" என்று திருத்தினேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வியாழனன்று வருவதாகப் பதில் வந்தது. அதற்குள் தெரு முழுவதையும் துப்புரவு செய்யச் சிரமதானம் ஒன்றுக்கு அழைப்பு விடுத்தேன். புதன்கிழமை பொசொன் போயா, பௌத்தர்களின் முழுமதி நாள். அரசு விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான் என்பதை மறைக்க வழியில்லை. அறிவித்தலின் அடியில் என் கையொப்பம் இருக்கிறது.

காலை எட்டு மணிக்குப் பதிவேட்டுடன் தெருவில் இறங்கினேன். இருபத்தாறு வீட்டாரும் வெள்ளை உடையில் நின்றார்கள். விடியற்காலையிலேயே விகாரைக்குப் போய், அந்த ஒரு நாளுக்கான நோன்பாகிய சில் எடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். எந்த உயிரையும் கொல்வதில்லை என்பது சில்லின் முதல் வாக்குறுதி. சிரட்டைக்கு முன்னும் பூச்சாடிக்கு முன்னும் கைகட்டி நின்றார்களேயொழிய, ஒருவரும் ஒரு துளி நீரைக் கொட்டவில்லை.

"சேர், உள்ள உசிரு துள்ளுது. சில் எடுத்துட்டு இத எப்படி நிலத்துல ஊத்துறது?" என்றாள் மூலை வீட்டுப் பியசீலி.

"அது நுளம்பு. நாளைக்கு உன் ரத்தத்தைத்தான் குடிக்கும்."

"குடிக்க வரட்டும் சேர். நாளைக்கு அடிக்கிறேன். நாளைக்கு நான் சில்ல இல்லையே."

வழி சொன்னவன் ஜயலத். "சேர் வீட்டுத் தாமரைத் தொட்டியில மீன் இருக்குல்ல? அதுல விட்டுருவோம். நாங்க உசிரத் தண்ணியிலயிருந்து தண்ணிக்கு மாத்துறோம், அவ்வளவுதான். மீன் திண்டா அந்தப் பாவம் மீனுக்கு."

"மீன் சில் எடுக்கலயே" என்று பியசீலி ஆமோதித்தாள்.

நான் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். ஆனால் குடம்பிகளைத் தின்பதற்கென்றே சபை தந்த மீன்கள் அவை. வெயில் ஏறுவதற்குள் தின்று தீர்த்துவிடும் என்று கணித்து இசைந்தேன். தயிர்ச் சட்டியிலும் தேநீர்க் கோப்பையிலும் குடம்பிகளை ஏந்தி, விகாரைக்குப் பூத்தட்டு கொண்டுபோகும் பக்குவத்துடன் வரிசையாக வந்து ஊற்றினார்கள். ஜயலத் மட்டும் மூன்று வாளி கொண்டுவந்தான். வீட்டுக்கு வீடு சரியிட்டேன். தெருவில் தேங்கிய நீர் ஒரு சொட்டும் இல்லை. அவ்வளவும் என் வீட்டில் இருந்தது.

மறுநாள் பரிசோதகர் ரணவக்க வந்தார். ஜயலத்தின் முற்றம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பிறகு என் தொட்டியில் அகப்பையை விட்டு அள்ளினார். அகப்பை முழுவதும் நெளிந்தது.

"மீன் எங்க சேர்?"

பதில் சமையலறை வாசலிலிருந்து வந்தது. "போயாவுக்கு விடியமுன்னமே ஓடையில விட்டுட்டேன், உயிர்தானமா" என்றாள் என் மனைவி சந்திரலதா. "உங்களுக்கும் சேர்த்துத்தான் புண்ணியம் கேட்டேன்."

"என்னிடம் ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? சபை மீன், சபைச் சொத்துன்னு பாடம் எடுத்திருப்பீங்க."

ரணவக்க வழக்குப் போடும் சிவப்புப் படிவத்தை எடுத்தார். நீதிமன்றம் என்றால் எந்த நீதிமன்றம்? அதன் பதிவாளர், இரண்டு வழக்கறிஞர்கள், வாசலில் நிற்கும் பொலிஸ் சார்ஜன் ஆகிய நால்வரும் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து என் வகுப்பில் வாங்குப் பலகை மேல் நின்றவர்கள். நான் கூண்டில் ஏறுவதைப் பார்க்க விடுமுறை நாளிலும் வருவார்கள்.

"வேறு வழியே இல்லையா? மீன் கொடுங்களேன்."

"மீன் கைவசம் இல்ல சேர். இதுல பாதி கூடு கட்டிருச்சு, பின்னேரம் பறந்துரும். நான் ஒரு டீ குடிக்கிறேன். குடிச்சு முடியிறதுக்குள்ள தொட்டி காலியானா, கண்ட இடத்திலேயே திருத்தியாச்சுன்னு எழுதுறேன்."

"நீங்களே ஒரு மருந்து ஊற்றலாமே?"

"நான் எழுத வந்தவன் சேர்."

வாயிலில் தெருவே கூடிவிட்டது. "இதில் என் வீட்டுப் புழு ஒன்றுகூட இல்ல!" என்று கத்தினேன். "எல்லாம் உங்களுடையது. வாங்க, பாவத்தை இருபத்தாறாப் பிரிச்சுக்குவோம்."

"அது ஏலாது சேர்" என்றான் ஜயலத், மிகவும் வருந்தியவனாய். "புண்ணியத்தத்தான் பங்கு வைக்கலாம். பாவம் செஞ்சவனுக்கேதான்."

"பியசீலி, இன்னைக்கு அடிக்கிறேன்னியே?"

"ஒண்ணு ரெண்டுன்னு நெனச்சேன் சேர். இது ஒரு ஊரே இருக்கே."

ஆனாலும் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. தொட்டியிலிருந்து சாலை வரை வரிசை போட்டார்கள். ஜயலத் மொண்டான், பியசீலி வாங்கினாள், வாளி கைமாறிக் கைமாறி வந்தது. கொதிக்கும் தார்ச் சாலையின் ஓரத்தில் கடைசி ஆளாக நின்றவன் நான். வாளி என் கைக்கு வந்ததும் தந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பத்தொரு வாளியையும் தாரில் கவிழ்த்தவன் நான் ஒருவனே. ரணவக்க இரண்டாவது கோப்பைத் தேநீர் கேட்டு வாங்கி, அதையும் ஊதி ஊதிக் குடித்தார். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். பிறகு 'திருத்தப்பட்டது' என்று எழுதிவிட்டுப் போனார்.

சந்திரலதா மதியச் சோற்றை மேசையில் வைத்துவிட்டு எட்ட நின்றாள். "கோர்ட்டுக்குப் போயிருந்தா ஒரு நாள் வெட்கத்தோட முடிஞ்சிருக்கும். இது அடுத்த பிறவிக்கும் வரும்."

"வரட்டும். அங்கே என்கிட்டப் படிச்சவன் எவனும் பதிவாளரா இருக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.