மல்லாட்டைக் கொல்லையின் நுண்படம்

பேராசிரியர் நெடுமாறனுக்குக் கோடு என்றால் உயிர். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் கோடு தெரிந்தால் போதும், "அடுக்கு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். இட்லியிலேயே ஏழு அடுக்கு எண்ணியவர் என்று ஆய்வகத்தில் பேச்சு.

அவருடைய ஆய்வு மாணவி அன்புக்கரசி, லீவுக்குச் சொந்த ஊரான சிங்கவரம் வந்திருந்தாள். அவள் செய்த பாலிமருக்குள் இரண்டு சரக்குகள், சண்டைபோட்ட பங்காளிகள்போல ஒதுங்கி, தலைமுடியில் ஆயிரத்திலொரு பங்கு பருமனில் பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். ஆனால், அடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தாலும் கோடுதான். படுத்துக்கிடக்கும் குழல்களை மேலிருந்து பார்த்தாலும் கோடுதான். குறுக்கே வெட்டி இன்னொரு படம் எடுக்காமல் எழுதினால், அவள் பெயரில் பொய் அச்சாகும்.

அவள் போனில் இதைச் சொன்னதும், "அதெல்லாம் வேணாம். சாயந்திரம் கட்டுரையை அனுப்பறேன்" என்று போனை வைத்துவிட்டார் நெடுமாறன்.

அன்புக்கரசி, பாவாடை என்ற தன் சித்தப்பாவோடு மலைக்கோயில் படியேறினாள். கீழே உழவுச்சால் கோடுகோடாகத் தெரிந்த அவருடைய மல்லாட்டைக் கொல்லையை, அதாவது நிலக்கடலை வயலைப் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக்கி, மூலையில் 'நூறு நானோமீட்டர்' என்று அளவுக்கோடு இழுத்தாள். "அடுக்கா, குழலா, சார்?" என்று கேட்டு அனுப்பினாள்.

இரண்டே நிமிடத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரமாதம்! சந்தேகமே இல்ல, அடுக்கு. நடுவுல ரெண்டு கோடு ஒண்ணா சேருது பாரு, அடுக்குலதான் அப்படிப் பிசகு வரும்."

"தங்கராஜ் டிராக்டர்ல உழுவறப்போ பொண்டாட்டி போன் பண்ணிட்டா" என்று முணுமுணுத்தார் பாவாடை.

"ஓரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கே, சார்?"

"வெறும் தூசி. வெட்டி எறி."

பாவாடைக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், வெட்றதா? என் ஆடு அது! செனையா இருக்குது!"

"யாரு அது?"

"சித்தப்பா, சார். கொல்லை அவருதுதான்" என்று அன்புக்கரசி எல்லாவற்றையும் சொன்னாள்.

போனில் நெடுமாறனின் குரல் கரண்ட் குறைந்த பல்புபோல மங்கியது.

"எத்தன ஏக்கர்?"

"ஒன்றரை, சார்."

"சரி. குறுக்கே வெட்டிப் படம் எடு. கட்டுரை அதுக்கப்புறம் போவட்டும்."

மறுவாரம் குறுக்கே வெட்டிய படம் வந்தது. கோடே இல்லை, வட்ட வட்டமாகப் புள்ளிகள். குழல்தான். படத்தை நெடுமாறன் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு, அன்பு. இது யாரோட கொல்லை?"