பரணித் தண்ணீரைக் குடித்த துடுப்புக்காரன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கட்டுரையாகப் பிறந்து கெட்டுப்போன கதை. எங்கள் ஆய்வகத்துக்கு மேல்மாடியில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டரம்மா, தமிழ்நாட்டில் யாரோ ஒரு தோழி நடத்தும் சுகாதார மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'அட்ரீனல் சுரப்பிகள் ஹார்மோன்களைச் சுரந்து உடலை ஒழுங்குபடுத்தும் விதம்.' கேரளத்துக் குட்டநாட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்று நான்தான் அகப்பட்டேன். செங்கோட்டையிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தை உறிஞ்சிப் பிழைக்கிறேன். ஊசி போட்டுத்தான், சோதனைக்குத்தான்.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

"மனித உடலில் இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி போல அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளே அட்ரீனல் சுரப்பிகள் எனப்படுகின்றன. இவை புறணி, அகணி என இரு பகுதிகளாக—"

எழுதிக்கொண்டிருந்த எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தேன்:

"வர்க்கிச்சனுக்கு உப்புமாங்காய் என்றால் உயிர்."

"பொய்," என்றாள் மோளிக்குட்டி.

மோளிக்குட்டி வர்க்கிச்சனின் மனைவி. வாத்து வளர்க்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஆய்வகத்துக்கு முட்டை கொண்டுவருவாள். தன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து, எழுதியதையெல்லாம் நான் மலையாளத்தில் சொல்லிக் காட்டாமல் அவள் முட்டைக் கூடையை இறக்குவதில்லை. நான் பார்த்த பத்திரிகை ஆசிரியர்களில் இவளைப் போல ஒருவரும் இல்லை.

"அவருக்கு உப்புமாங்காயே பிடிக்காது அண்ணாச்சி. அதனாலதானே எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

மோளிக்குட்டியின் சமையலறையில் ஒரு பரணி உண்டு, நம்மூர் ஊறுகாய் ஜாடி. மாங்காயை முழுசாக உப்புத் தண்ணீரில் போட்டு மூடி வைப்பார்கள், மழைக்காலக் கஞ்சிக்கு. ஒருநாள் திறந்து பார்த்தால் மாங்காய் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, தண்ணீரைக் காணோம். பரணியில் விரிசல் என்று நினைத்தாள். மாற்றிப் பார்த்தாள். புதுப் பரணியிலும் இரண்டு அங்குலம் குறைந்தது. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட அடிக்கப் போனாளாம். (பூனை உப்புத் தண்ணீர் குடிக்குமா என்று கேட்டேன். "கோபத்துல இருக்கிறவ அதெல்லாம் யோசிப்பாளா?" என்றாள்.)

குடித்தவன் வர்க்கிச்சன். இருபத்தொன்பது வயது. எங்கள் கரையின் சுண்டன் வள்ளத்தில், அதாவது போட்டிக்கு விடும் பாம்புப் படகில், துடுப்பு போடுகிறவன். எண்பத்தைந்து பேர் போடும் அந்த நீள வள்ளத்தில் முன்வரிசையில் இடம் கிடைப்பது கல்யாணம் கூடிவருவதைவிடக் கஷ்டம். ஏழு வருடமாகப் பின்வரிசையில் அடுத்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டு துடுப்பு போட்டவனுக்கு இந்த வருடம்தான் அந்த இடம் கிடைத்தது. அதை அவன் இழப்பானா மாட்டானா என்பதுதான் இந்தக் கதை. இதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் எங்காவது சுரப்பி பக்கம் போய்விட்டால் நீங்கள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இடம் கிடைத்தது எப்படி என்றால், கேப்டன் பாப்பச்சனுக்கு ஒரு வழக்கம். பயிற்சி முடிந்ததும் பையன்களைக் கரையில் வரிசையாகத் திருப்பி நிறுத்தி, முதுகைப் பார்ப்பார். யார் அதிகம் கறுத்திருக்கிறானோ அவன் ஒருநாளும் மட்டம் போடாதவன். 'கறுப்பு பார்க்கிறது' என்றே அதற்குப் பெயர். அவருக்கு வருகைப் பதிவேடு அதுதான்.

வர்க்கிச்சன் சித்திரையில் கறுக்க ஆரம்பித்தான். கறுத்தான், கறுத்தான், அப்படிக் கறுத்தான். தொப்பை கரைந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. எந்நேரமும் உப்பு கேட்டான். நீங்களோ நானோ என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். துடுப்புக்காரர்கள் நடுவில் இதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. கறுப்பு வெயிலால், மெலிவு உழைப்பால், கிறுகிறுப்பு வள்ளத்தில் ஆடி ஆடி, உப்பு வேர்வையில் போனதால். ஒருநாள் கரையேறும்போது சுருண்டு விழுந்து வாந்தி எடுத்தவனைப் பார்த்து, "உயிரைக் குடுத்துத் துடுப்பு போடறான் பாரு, படிச்சுக்கங்கடா," என்றாராம் கேப்டன். மறுநாளே முன்வரிசை.

3

இந்த இடத்தில் மோளிக்குட்டி அழுததாக எழுதியிருந்தேன். "கண்ணீர் பரணியில் சொட்ட—" என்று ஒரு வாக்கியம்கூட.

"நான் எங்கே அழுதேன்? கத்தினேன்," என்றாள். வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது. இருக்கட்டும், கிடக்கிறது.

நடந்தது இதுதான். பரணியும் கையுமாகப் புருஷனைப் பிடித்தாள். அவன் அசடு வழியச் சிரித்தான். சிரித்த வாயை அப்போதுதான் பார்த்தாள். ஈறெல்லாம் கறுப்பு.

"இச்சாயா, வெயிலு வாய்க்குள்ள எப்படிப் போச்சு?"

அவன் வாயை மூடிக்கொண்டான். பதில் இல்லாத முதல் கேள்வி அதுதான். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், ரேகைகளெல்லாம் கரியால் கோடு போட்ட மாதிரி. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவனை என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள்.

4

[இனி கொஞ்சம் கட்டுரை. டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. தாண்டிப் போகிறவர்கள் போகலாம், ஆனால் கேப்டன் சண்டை புரியாது.]

அட்ரீனலை ஒரு மாங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியை விடுங்கள், அது கட்டுரைக்காரன் சொன்னது. வெளிச்சதை புறணி, உள்ளே கொட்டை அகணி. கொட்டையில் ஊறுவது அட்ரீனலின். விசில் கேட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதே, அது அதன் வேலை. சதையில் ஊறுவதில் இரண்டு முக்கியம். ஒன்று ஆல்டோஸ்டிரோன். உடம்பின் உப்பை மூத்திரத்தில் போகவிடாமல் பிடித்துவைத்து, ரத்த அழுத்தத்தைக் காப்பது. மற்றது கார்ட்டிசால். காலையில் நம்மை எழுப்பி உட்கார வைப்பது, காய்ச்சல், அடி, பயம் என்று எது வந்தாலும் சர்க்கரையை எடுத்துக் கொடுத்துத் தாங்கவைப்பது.

வர்க்கிச்சனின் உடம்பே தவறுதலாக அவன் புறணியை அரித்துவிட்டது. பிடித்துவைக்க ஆளில்லாமல் உப்பு ஒழுகியது, அவன் பரணியைத் தேடினான். கறுப்புக்கும் காரணம் உண்டு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி இருக்கிறது, 'சுர, சுர' என்று அட்ரீனலுக்கு ஆணை அனுப்புவது. பதில் வரவில்லை என்றால் இன்னும் பலமாகக் கத்தும். அப்படிக் கத்தும்போது அனுப்பும் ஹார்மோன்தான் தோலையும் கறுக்க வைப்பது. அதாவது பாப்பச்சன் மூன்று மாதமாக முதுகில் பார்த்து மெச்சியது உழைப்பை இல்லை, உள்ளே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தியதை.*

* இந்த வரியைக் கேப்டனுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

மருந்து எளிது. ஊறாததை மாத்திரையாக விழுங்கவேண்டும், ஆயுசு முழுக்க, ஒருவேளை தவறாமல். காய்ச்சல் வந்தால் கூடுதலாக. விழுந்துவிட்டால் தொடையில் உடனே ஒரு ஊசி. ஆறு வாரத்தில் வர்க்கிச்சன் தேறிவிட்டான். டாக்டரம்மா முதலில் முடியவே முடியாது என்றவர், சோதனைகளைப் பார்த்துவிட்டுப் போட்டிக்குச் சம்மதித்தார். போட்டிக்கு முன் கூடுதல் மாத்திரை, கரையில் ஊசி தயாராக. போட்டிக் குழுவுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒருத்தர்தான்.

5

பாப்பச்சன் இந்தக் கதைக்கு வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கறுப்பு பார்க்கிறவர், மீசை, விசில், எல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தேன். வள்ளமே நகரவில்லை. திரும்ப ஏற்றிக்கொண்டேன்.

போன வருடம் ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு புஜத்தை ஊதவைத்த இரண்டு பையன்களைக் கழுத்தைப் பிடித்து வள்ளத்திலிருந்து இறக்கியவர் அவர். 'என் வள்ளத்தில் மருந்து ஏறாது' என்று பள்ளி முற்றத்தில் மைக்கில் சொன்னவர். இப்போது வர்க்கிச்சனின் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். ஸ்டீராய்டு.

அவனையும் வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டார். வர்க்கிச்சன் வீட்டுக்கு வந்து துடுப்பை உத்தரத்தில் செருகிவிட்டு, தின்னக் கொடுத்த எதையும் தொடாமல் படுத்துக்கொண்டான். அன்றைய மாத்திரையையும் விழுங்கவில்லை. "இது இல்லாமலே போடறேன், பாக்கட்டும்," என்றானாம். அவனுக்கு அது ரோஷம். மோளிக்குட்டிக்கு அது தூக்குக்கயிறு. மாத்திரையை அவன் வாயில் திணித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பரணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேப்டன் வீட்டுக்கு நடந்தாள்.

(பரணி எதற்கு என்று கேட்டேன். "வெறுங்கையோட சண்டைக்குப் போவாங்களா?")

"பாப்பச்சன் சேட்டா, இந்தப் பரணித் தண்ணியக் குடிச்சுத்தான் மூணு மாசம் உங்களுக்குத் துடுப்பு போட்டாரு. அது மருந்துன்னு யாரும் சொல்லல. உங்க எல்லாருக்கும் உடம்புல தானா ஊறுது, இவருக்கு ஊறல, முழுங்கறாரு. அது தப்புன்னா மொதல்ல உங்க உடம்புல எவ்வளவு ஊறுதுன்னு பாத்துட்டு வாங்க."

6

இதை நான் கற்பனை செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாப்பச்சன் என் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்கையை மடித்தார். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அகணி வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் காகிதத்தை வாங்கி, விரல் வைத்து வாசித்தார்.

"கார்ட்டிசால் பதினெட்டு. இது என்ன?"

"ஸ்டீராய்டு," என்றேன்.

"எனக்கா?"

"உங்களுக்கேதான். புறணி ஊறுறது. மத்த எண்பத்திநாலு பேருக்கும் உண்டு. இல்லாதவன் வர்க்கிச்சன் ஒருத்தன்தான்."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்போ என் வள்ளத்துலயே மருந்து ஏறாதவன் அவன் மட்டும்தானா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். அன்று இரவே உத்தரத்திலிருந்து துடுப்பு கீழே வந்துவிட்டது. 'கறுப்பு பார்க்கிறது' இன்னும் நடக்கிறது. இப்போது ஈறையும் காட்டச் சொல்கிறாராம்.

7

போட்டி நாளைக்கு. மலருக்கு இன்றே அனுப்பியாக வேண்டும். ஆகவே முடிவை நானே செய்து பார்த்தேன்.

முடிவு ஒன்று. கடைசிக் கணத்தில் ஒரு விரற்கடையில் ஜெயிக்கிறார்கள், கேப்டன் வர்க்கிச்சனைக் கட்டிப்பிடித்து— "சினிமா," என்றாள் மோளிக்குட்டி.

முடிவு இரண்டு. அவனாகவே இடத்தை இளையவனுக்கு விட்டுக்கொடுத்துக் கரையில் நிற்கிறான். இதை வர்க்கிச்சனே கேட்டுவிட்டான். "அப்படி எழுதினீங்கன்னா அண்ணாச்சி, இனி உங்ககிட்ட ரத்தம் குடுக்க வரமாட்டேன்."

முடிவு மூன்று. பாதி தூரத்தில் அவன் சாய்கிறான். மோளிக்குட்டி ஊசிப் பெட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காயலில் குதித்து நீந்துகிறாள். எழுதியவனுக்கு இதுதான் பிடித்திருந்தது. வாசித்துச் சொன்னேன். அவள் கூடையில் முட்டைகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியும்தான். ஆனா கதைக்காக அவரை எதுக்கு அண்ணாச்சி விழ வைக்கிறீங்க? ஒரு தடவை பாத்தது போதாதா?"

அப்போதுதான் அவள் அழுதாள். மூன்றாம் பகுதியில் நான் எழுதியது பொய்தான், இங்கே எழுதுவது நிஜம். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று முடிவையும் அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டேன்.

8

எனவே முடிவு இல்லை. ஏற்பாடுகள்தான் இருக்கின்றன.

மோளிக்குட்டி ஊசி போடப் பழகிவிட்டாள். பரணி மாங்காய் ஒன்று விடாமல் குத்தித் தள்ளியிருக்கிறாள். டாக்டரம்மா மூன்று பெட்டி கொடுத்திருக்கிறார். ஒன்றோடு மோளிக்குட்டி போட்டி முடியும் இடத்தில் நிற்பாள், முதலில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். ஒன்றோடு நான் தொடங்கும் இடத்தில். நடுவில் கரை வளையும் இடத்தில் ஒரு பூவரச மரம் இருக்கிறது. அங்கே நிற்க ஆளில்லை.

நீங்கள்தான் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்களே. இந்தாருங்கள், மூன்றாவது பெட்டி. தேவைப்பட்டால் தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயே குத்தலாம், தயங்க வேண்டாம். விசில் ஊதியதும் உங்கள் நெஞ்சும் அடித்துக்கொள்ளும். பயப்படாதீர்கள், சுரப்பதெல்லாம் சரியாகச் சுரக்கிறது என்று அர்த்தம். வள்ளம் உங்களைத் தாண்டும்போது முன்வரிசையில் இடது ஓரத்தைப் பாருங்கள். இப்போது அவ்வளவு கறுப்பாக இருக்கமாட்டான், அந்த இடத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

தாண்டிப் போய்விட்டானென்றால், பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே மோளிக்குட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். முட்டை தருவாள்.