முதல் தளத்து மருமகன்

பேஸ்போல் ஆட்டத்தை நான் மதிப்பதற்குக் காரணம் பந்தோ மட்டையோ அல்ல; அதன் விதிகள். யாழ்ப்பாணத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்துவிட்டு ரொறொன்ரோவில் வந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்த எனக்கு, இந்த நாட்டில் விதிகளைத் தெளிவாக எழுதிவைத்திருப்பவர்கள் பேஸ்போல்காரர்கள் மட்டுமே என்று தோன்றியது. பெரிய லீக்கில் ஒரு வீரர் ஆறு பருவங்கள் முழுதாக ஆடிமுடிக்கும்வரை தாம் விரும்பிய அணியைத் தேடிப் போக இயலாது. நடுவில் "என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள்" என்று அவர் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார். தம் கையால் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட ஒரு மனிதர், அந்த மை உலருமுன்னரே பத்திரிகைக்காரரை அழைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதை எத்தனை முறை பார்த்தாலும் என் இரத்தம் கொதிக்கிறது. நல்லவேளை, அந்தக் கோரிக்கைக்கு எந்த வலுவும் இல்லை. அணி விரும்பினால் மாற்றும். விரும்பாவிட்டால் பேசாமல் இருக்கும். ஆனால் பத்துப் பருவங்கள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தையும் ஒரே அணியில் கழித்தவரை அவருடைய சம்மதமின்றி எவரும் மாற்ற முடியாது. போக விரும்புபவருக்கு உரிமை இல்லை. இருக்க விரும்புபவருக்கு உண்டு. இதைவிட அழகான விதியை நான் படித்ததில்லை.

ஆகவே, ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள மல்வேர்னில் எங்கள் ஊர்ச்சங்கங்கள் ஒன்றுகூடிப் பேஸ்போலை ஒத்த சொஃப்ட்போலுக்குக் கோடைகால லீக் ஒன்றை ஆரம்பித்து, அதற்கு விதிநூலாக ஒரு யாப்பு எழுதித் தருமாறு என்னைக் கேட்டபோது, அவ்விதிகள் அனைத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவற்றோடு என் சொந்தச் சரக்காக ஒரு விதியையும் சேர்த்தேன். திருமணத்தால் இன்னோர் ஊருக்கும் உரியவரானவர், ஆண்டுக் கணக்கு எதுவுமின்றி, அந்த ஊரின் அணிக்கு மாறலாம். பெண் எடுத்த ஊரில் போய்க் குடியிருப்பதுதானே எங்கள் வழக்கம்.

இந்த விதியை நான் எழுதிய காலத்தில்தான் சங்கிலித்துறையைச் சேர்ந்த கீதன் எங்கள் மகள் சிவானியை மணந்தார். அதனால் அவர் எங்கள் நாவலடிப்புலம் அணிக்கு வந்தார். நான் அணியின் முகாமையாளர். அவரை முதல் தளத்தில் நிறுத்தினேன். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் தளத்தில் நிற்பவரின் கடமை, மற்றவர்கள் எறிகிற பந்தைப் பிடிப்பது. கீதன் வீடு விற்கும் முகவர். அவருடைய கைத்தொலைபேசி பின்பையில் இருக்கும். எப்போது பந்து அவரை நோக்கி வருகிறதோ அப்போது யாரோ ஒருவருக்கு நகரின் கிழக்கோரத்து ரூஜ் பக்கத்தில் வீடு பார்க்கத் தோன்றும்.

சென்ற ஆனி மாதத்தில், நாங்கள் வெல்லவேண்டிய ஓர் ஆட்டத்தைத் தோற்ற பின்னர், எங்கள் பந்தெறிவாளரான பிரசாந் வாகனத் தரிப்பிடத்தில் என்னிடம் வந்தார்.

"சேர், எனக்கு ட்ரேட் வேணும்."

"கைமாற்றம் எண்டு சொல்லும். யாப்பிலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஏதோ ஒண்டு. சங்கிலித்துறைக்குப் போகப்போறன்."

"ஏன்?"

"நான் எறியிறன் சேர். அவங்கள் அடிக்கிறாங்கள். எங்கடை பெடியள் ஓடி ஓடி எடுத்து முதல் தளத்துக்கு எறியிறாங்கள். அங்கை உங்கடை மருமகன் ரூஜிலை மூண்டு றூம் வீடு வித்துக்கொண்டு நிக்கிறார்."

"தம்பி, கேக்கிறதுக்கு உமக்கு உரிமை இருக்கு. தாறதுக்கு எனக்குக் கடமை இல்லை. நீர் இன்னும் ஆறு பருவம் ஆடேல்லை."

அவர் தம் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். விதி வென்றது என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். ஆனால் வென்றாகவேண்டிய நிலையும் எனக்கு இருந்தது. எங்கள் அணியில் ஒன்பது பேர்தான். கோடையில் சனிக்கிழமை வந்தால் எங்கள் இளைஞர்களை மண்டபங்களில்தான் தேடவேண்டும். அரங்கேற்றம், பூப்புனித நீராட்டு, யாருடையதோ ஐம்பதாவது பிறந்தநாள். இரண்டு முறை எட்டுப் பேருடன் வந்து எச்சரிக்கை வாங்கியிருந்தோம். மூன்றாம் முறையும் ஒருவர் குறைந்தால் நாவலடிப்புலம் லீக்கிலிருந்து நீக்கப்படும். அந்த விதியையும் நானே எழுதியிருந்தேன்.

வாரம் முடியுமுன்னர் லீக்கின் தலைவி அன்ரனெற் தொலைபேசியில் அழைத்தார். அவர் மன்னாரைச் சேர்ந்தவர், சட்டத்தரணி, வீடு வாங்குவோரின் பத்திரங்களைப் பார்ப்பவர்.

"மாஸ்ரர், பிரசாந் முறையீடு போட்டிருக்கிறார். நீங்கள் எழுதின கலியாண விதியின்படி கேக்கிறார். நாளைக்குக் கோப்பிக் கடைக்கு வாங்கோ."

பிரசாந்தின் மனைவி நிலாணியின் தாயார் சங்கிலித்துறையைச் சேர்ந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தத் திருமணத்தில் வாழ்த்துரை வழங்கியவனே நான். சங்கிலித்துறையின் கடற்காற்றைப் பற்றி நெடுநேரம் பேசியிருந்தேன்.

கோப்பிக் கடையில் அன்ரனெற், பிரசாந், நிலாணி மூவரும் எனக்கு முன்னரே வந்திருந்தனர். நிலாணி ஒரு பெரிய குவளையில் ஐஸ் கோப்பியை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் இரவெல்லாம் யோசித்துவைத்த வாதத்தை நிதானமாக எடுத்துவைத்தேன்.

"இந்தப் பிள்ளை பிறந்தது ஸ்காபரோவிலை. சங்கிலித்துறையை இவ படத்திலைதான் பாத்திருப்பா. பிறக்காத ஊர் எப்பிடி இவவின்ரை ஊராகும்? இவவின்ரை ஊரே இல்லாத ஊருக்குப் புருசன் எப்பிடிப் போகலாம்?"

அன்ரனெற் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லது மாஸ்ரர். உங்கடை மகள் சிவானி எங்கை பிறந்தவ?"

நான் கோப்பியைக் கலக்கினேன். அதில் சீனி போட்டிருக்கவில்லை.

"ஸ்காபரோவிலைதான் எண்டு நினைக்கிறன்," என்றார் அன்ரனெற். "அப்ப சிவானிக்கும் நாவலடிப்புலம் ஊரில்லை. கீதன் அவவைக் கட்டித்தானே உங்களிட்டை வந்தவர்? அவரைத் திருப்பி அனுப்பவேணும். உங்கடை அணியிலை மிச்சப் பெடியளும் இஞ்சை பிறந்தவங்கள்தானே. கடைசியிலை நாவலடிப்புலத்துக்கு நீங்கள் ஒராள்தான் நிப்பியள்."

"சேர் எறிஞ்சு சேரே பிடிக்கலாம்," என்றார் பிரசாந். "கீதன் அண்ணையை விட நல்லாப் பிடிப்பார்."

"நீர் கொஞ்சம் பேசாமல் இரும்," என்றேன்.

விதி என்னுடையது, சொற்கள் என்னுடையவை, ஓட்டை எதுவுமில்லாமல் நானே கட்டிய வேலி. அதற்குள் நானே நின்றுகொண்டிருந்தேன். அங்கே பிறக்காவிட்டாலும் தாய்வழியில் வருகிற ஊரும் ஊர்தான் என்று ஒப்புக்கொண்டேன். அன்ரனெற் அதே இடத்தில் தீர்ப்பைச் சொன்னார்: பிரசாந் போகலாம்.

"அப்ப எங்களுக்கு எட்டுப் பேர்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "சனிக்கிழமையோடை நாவலடிப்புலம் முடிஞ்சுது."

அப்போதுதான் நிலாணி குவளையைக் கீழே வைத்தாள்.

"சேர், ஒரு கொஸ்ரின். இவர் என்னைக் கட்டினதாலை இவருக்கு எங்கடை ஊர் எண்டால், நான் இவரைக் கட்டினதாலை எனக்கு உங்கடை ஊர்தானே?"

"பிள்ளை, அந்த விதி மாப்பிள்ளைமாருக்காக..."

"அப்பிடி எழுதேல்லையே," என்றார் அன்ரனெற்.

"ஆனால் இவர் இப்ப உங்கடை பக்கம் போயிட்டாரே."

"விளையாடத்தானே போறார்," என்றாள் நிலாணி. "கலியாணம் அப்பிடியே இருக்கு. நான் யூனிவர்சிற்றியிலை நாலு வருசம் பிச் பண்ணினனான் சேர். இவருக்கு எறியக் காட்டிக் குடுத்ததே நான்தான்."

பிரசாந் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

நான் வியப்பில் ஆழ்ந்தேன். "இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. என்னைச் சோடா வாங்கத்தான் அனுப்பினியள்."

அது உண்மை. நான் வாயைத் திறக்குமுன் அவள் விரலை உயர்த்தினாள்.

"ஆனால் கொன்ராக்ற் வேணும். ஒண்டு, என்னை ஒருதருக்கும் ட்ரேட் பண்ணக்கூடாது. ரெண்டு, மட்ச் துவங்க முதல் நீங்கள் பேசிற பேச்சை மட்ச் முடிய வையுங்கோ. மூண்டு, முதல் தளத்திலை கீதன் அண்ணை நிக்கக்கூடாது."

முதலாவது நியாயமானது. இரண்டாவது என் மீது விழுந்த அடி, தாங்கிக்கொண்டேன். மூன்றாவதைக் கேட்டதும் எழுந்து போய்விடலாமா என்று எண்ணினேன். மருமகனை முதல் தளத்திலிருந்து இறக்குவது ஓர் ஆட்டக்காரரை இடம் மாற்றுகிற காரியமன்று. அவருடைய பெற்றோர் ஒவ்வொரு சனியும் மடக்குக் கதிரைகளோடு வந்து முதல் தளத்துக்கு நேரே உட்காருபவர்கள். ஆனாலும் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு யாரிடமும் பேரம் பேச முடியாது.

"சரி," என்றேன்.

வீட்டில் என் மனைவி ஜெயமலர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு முருங்கைக்காயை வெட்டுவதைத் தொடர்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, கீதனுக்கு ஆர் சொல்லுறது?"

"நீர் சொன்னால் நல்லது."

"முதல் தளத்திலை நிப்பாட்டேக்கை என்னைக் கேட்டனீங்களோ?"

ஆகவே நானே சொன்னேன். தளங்களுக்கு வெகு பின்னால் இருக்கிற வலப்புறக் களம் மிக விசாலமானது, அங்கு தொலைபேசிச் சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் என்று விளக்கினேன். கீதன் "பரவாயில்லை மாமா" என்றார். அந்தச் சொல்லை அவர் சொன்னவிதம் பரவாயில்லை என்பதாக இல்லை. சிவானி வாரம் முடியும்வரை என்னோடு பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் எதிரணி சங்கிலித்துறையேதான். ஒன்பது பேர் களத்தில் நின்றனர். நான் பேசாமல் நின்றேன். இரண்டும் புதுமையாக இருந்தன. கீதனின் பெற்றோர் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்து வலப்புறக் களத்துக்கு நேரே போய் அமர்ந்தனர். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நிலாணி எறிந்த பந்துகளைச் சங்கிலித்துறையின் மட்டைகள் தேடித் தேடி அலைந்தன.

கடைசி இன்னிங்ஸில் நாங்கள் ஓர் ஓட்டம் முன்னிலையில் இருந்தோம். சங்கிலித்துறையின் இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டனர், மூன்றாமவரும் போனால் ஆட்டம் முடியும்; ஒருவர் தளத்தில் நின்றார். மட்டையோடு வந்தவர் பிரசாந்.

"கண்ணா, வீட்டை சாப்பாடு இருக்கு, கெதியா அவுட்டாகுங்கோ," என்றாள் நிலாணி.

"இண்டைக்குச் சமைக்கிறது உம்மடை முறை," என்றார் பிரசாந்.

அவள் எறிந்தாள். அவர் அடித்தார். பந்து உயரக் கிளம்பி வலப்புறக் களத்தை நோக்கிப் போயிற்று. அதே கணத்தில் கீதனின் தொலைபேசி ஒலித்தது. அவர் இடக்கையில் கையுறையோடும் வலக்கையில் தொலைபேசியோடும் வானத்தைப் பார்த்தபடி பின்னால் ஓடினார்; தாயாரின் கதிரையில் இடறினார்; தொலைபேசி ஒரு பக்கம் பறந்தது; அவர் மறுபக்கம் விழுந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பின்னர் கையுறை மட்டும் புல்லிலிருந்து மேலே எழுந்தது. பந்து அதற்குள் இருந்தது.

நாவலடிப்புலம் வென்றது. ஒத்திவைக்கப்பட்ட என் பேச்சை நான் ஆரம்பித்தபோது கேட்பதற்கு ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் கீதனைச் சூழ்ந்து நின்றனர். சற்று நேரத்தில் அவர் சட்டையில் புல்லோடு என்னிடம் வந்தார்.

"மாமா, எனக்கு ட்ரேட் வேணும்."

"என்ன?"

"சங்கிலித்துறை கேக்குது. முதல் தளத்திலை விடுகினமாம். என்ன இருந்தாலும் நான் பிறந்த ஊர்தானே."

ஒன்பதில் ஒருவர் போனால் எட்டு. நான் நிமிர்ந்து நின்றேன்.

"தம்பி, கலியாணம் ஆளை ஒரு ஊரிலையிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகும். பிறப்புத் திருப்பிக் கொண்டுபோகும் எண்டு யாப்பிலை நான் எழுதேல்லை. ஆறு பருவம் முடியட்டும்."

"அப்ப அதுக்கு முதல் போக ஒரு வழியும் இல்லையோ?"

தேநீர்க் குடுவையை மூடிக்கொண்டிருந்த ஜெயமலர் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"இருக்குத் தம்பி. சங்கிலித்துறையிலை இன்னொரு கலியாணம் முடிச்சால் போகலாம். சிவானியை ஒருக்காக் கேட்டுப் பாரும்."

சிவானி மடக்குக் கதிரையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள். கீதன் கையுறையை எடுத்துக்கொண்டு, பறந்துபோன தொலைபேசியைத் தேடுவதற்காக வலப்புறக் களத்துக்குத் திரும்பிப் போனார்.