ஒட்டாத சிவப்பு

கத்தரியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடுவதால் அழகு நிலையத்தில் எல்லோருக்கும் அவள் 'பட்டாசு'. அந்தப் பட்டாசின் இடது கண் கோவைப்பழமாய்ச் சிவந்து, வெளிச்சம் பட்டாலே குத்தத் தொடங்கியது. அவள் நாற்காலிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராய் நழுவினார்கள். கடைக்கு முதலாளி வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணிதான்.

"ஒட்டிக்கிற கண்ணுவலியோட கத்தரி பிடிக்காத. சரியாகிற வரைக்கும் வீட்ல இரு," என்றாள் அண்ணி, நாலடி தள்ளி நின்றபடி.

கண் மருத்துவர் ஓர் ஒளிக்கீற்றை அவள் கண்ணுக்குள் பாய்ச்சி, தெரிந்ததைத் திரையில் காட்டினார். ஜன்னல் வெயிலில் பறக்கும் தூசிபோல் ஏதோ மிதந்தது.

"இதெல்லாம் கிருமியா டாக்டர்?"

"இல்லம்மா. உங்க ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள். கிருமியை அடிக்க வேண்டியது, ஆள் தெரியாம உங்க கண்ணையே அடிக்குது. வீக்கம் அதனாலதான். யாருக்கும் ஒட்டாது. ஆனா கவனிக்காம விட்டா பார்வை போயிடும்."

பயத்தைவிடக் கோபம்தான் அவளுக்கு முதலில் வந்தது. "என் சோத்தைத் தின்னுட்டு என்னையே அடிக்குதுங்களா? அடக்குங்க டாக்டர்!"

சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. மாத்திரையில் முகம் பூசணியாய் உப்பியதுதான் மிச்சம். கடைசியில், எதிர்ப்புச் சக்தியையே மட்டுப்படுத்தும் மருந்தை எழுதித் தந்தார் மருத்துவர்.

"உடம்போட காவலையே குறைக்கறதா? வேணாம்மா," என்று அண்ணன் தடுத்தான்.

"கண்ணு என்னுது, முடிவும் என்னுது." அவன் முன்னாலேயே விழுங்கினாள்.

மெல்ல வலி தணிந்தது. வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். சிவப்பு மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் போனதும் அண்ணி கறுப்புக் கண்ணாடியை நீட்டினாள். "இதைப் போட்டுக்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"வெயில்ல போட்டுக்கறேன் அண்ணி. இங்க எதுக்கு? நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?"

கடை நிறைய ஆட்கள். அவள் நடுவில் போய் நின்றாள். "எல்லாரும் நல்லா பாத்துக்கங்க. இது ஒட்டாது. என் ரத்தமே என்கூட சண்டை போடுது, நானும் விடறதா இல்ல. பயப்படறவங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கு."

ஒருத்தி கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மற்றவர்கள் அண்ணியின் முகத்தையே பார்த்தார்கள். அண்ணி கறுப்புக் கண்ணாடியை மேசையில் வைத்தாள். பிறகு விறுவிறுவென வந்து காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வாய் பேசிட்டே நிக்காத. முன்முடி முகத்துல விழுது. வெட்டு."

வெட்டினாள்.

அதற்குப் பிறகும் கண் சிவந்ததுண்டு. சிவந்த அன்றே மருத்துவரிடம் ஓடினாள். இடது கண்ணில் மெல்லிய புகைமூட்டம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. நாற்காலியைச் சற்றுத் திருப்பி வைத்து வெட்டப் பழகிக்கொண்டாள்.