ஸகியா பேசிய அரபு

ஸகியா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே, ஏறாவூரில் அவள் வீட்டு முற்றத்தில் சனம் தண்ணீர்ப் போத்தலோடு வந்து நிற்கத் தொடங்கிவிட்டது.

மூளைக்குள் ஒரு நரம்பு அடைத்து அவளுடைய தமிழ் முழுக்கப் போயிருந்தது. கைகால் தப்பியது, முகமும் தப்பியது. புருஷன் மீராசாஹிபை நன்றாகவே அடையாளம் தெரிந்தது. அவரைக் கூப்பிடத்தான் ஒரு சொல் இல்லை. பிஸ்கட் பக்கெட்டில் உள்ள எழுத்தைக் காட்டினால், கோழி கிளறிய மண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வாயைத் திறந்தால் அரபுதான் வந்தது. பல வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவள் அவள்.

டொக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். பேச்சு என்பது மூளையில் ஒரே இடத்தில் பூட்டி வைத்த சாமான் இல்லையாம். கேட்டதை விளங்க ஓரிடம், சொல்லைத் தேடி எடுக்க ஓரிடம், எழுத்தைக் கண்டதும் அறிய இன்னோரிடம். இவற்றுக்கு நடுவே பாதைகள். வெள்ளத்தில் பாலம் மூடினால் பஸ் சுற்றுப்பாதையால் வருவதில்லையா, அப்படித் தமிழின் பாதை அடைபட, அரபு வேறு வழியால் வருகிறது என்றார். தமிழ் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம், கதைத்துக்கொண்டே இருங்கள் என்றார். மீராசாஹிப் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாவியில் வலை போடுகிற மனிதருக்குப் பாலம் விளங்கியது, மூளை விளங்கவில்லை. பெண்சாதி தன்னைப் பார்த்துத் தனக்கென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அரபு என்றால் ஊர் சும்மா இருக்குமா? சின்ன வயதில் மனப்பாடம் செய்த ஓதலும் அவள் வாயில் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. ஓதல் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று சனத்துக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவள் கையை நீட்டி உரத்துச் சொன்னதற்கெல்லாம் முற்றத்தில் நின்றவர்கள் ஆமீன் சொன்னார்கள். போத்தல் மூடியைத் திறந்து அவள் குரல் வரும் பக்கமாகப் பிடித்தார்கள். காய்ச்சல் விட்டது என்றார் ஒருவர், தொலைந்த ஆடு வந்தது என்றார் இன்னொருவர். குருக்கள்மடத்திலிருந்து மீன் எடுக்க வரும் வினாயகமூர்த்திகூட இடுப்பு வலிக்கு ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு போனார். அவருக்கும் சுகமாம்.

ஒருநாள் ஸகியா விளக்குமாற்றைக் காட்டி நீளமாகச் சத்தம் போட, ஒருவர் அதை எடுத்து முற்றத்தைக் கூட்டினார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா? பின்னேரத்துக்குள் வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கை முழுவதையும் கூட்டிக் கழுவிவிட்டார்கள். எத்தனை மனுக் கொடுத்தும் நடக்காத காரியம் அது.

அந்த ஒழுங்கையில் பாதிப் பெண்கள் வெளிநாடு போய் வந்தவர்கள். அவர்களுக்கு இந்த அரபு தலைகீழ்ப் பாடம். ஆனால் அவர்கள் ஆமீன் சொல்லவில்லை, பின்னால் நின்று நிலத்தையே பார்த்தார்கள். மீராசாஹிப் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அவர் பாடு திண்டாட்டம். தான் குடித்த கோப்பையைத் தானே கழுவியறியாத மனிதர். ஸகியா சத்தம் போட்டால் தலையணையை எடுத்துக்கொண்டு ஓடினார், அது இல்லை. செம்பைக் கொண்டுபோனார், அதுவும் இல்லை. ஒருதரம் கோழியைப் பிடித்துக்கொண்டு போயும் காட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு பின்னேரம், அடுத்த வீட்டு ஸுஹைனா கஞ்சி கொண்டுவந்த நேரம், குசினி வாசலில் குந்தி அழுதுவிட்டார். ஸகியா பக்கத்தில் வந்து குனிந்து, தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். ஆறுதல் சொல்கிறாள் என்று அவருக்கு உயிர் வந்தது. என்ன சொல்கிறாள் என்று ஸுஹைனாவைக் கேட்டார். அவளும் வெளிநாடு போனவள்தான், சவூதியில் வேலை செய்தவள்; அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள்.

"சொல்லத்தான் வேணுமா காக்கா?"

"சொல்லு புள்ள."

"அழுறண்டா குளிக்கிற அறைக்குள்ள போய் அழு, வீட்டுக்கு ஆக்கள் வந்திரிக்காங்க எண்டு சொல்றா."

வீட்டுக்கு யாரும் வரவில்லை. குளிக்கும் அறையும் அங்கே இல்லை, கிணற்றடிதான். என்னையா சொல்கிறாள் என்று அவருக்குக் கோபம் வந்தது.

"இது அவட பேச்சில்ல காக்கா. குவைத் வீட்டு மேடம் அவக்கிட்டச் சொன்னது. அவக்கிட்ட இரிக்கிற அரபு அதுதான். எங்களுக்கிட்டயும் அதுதான் இரிக்கி."

மற்றதெல்லாம் என்னவென்று கேட்டார். ஸுஹைனா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கழுதை, காது கேட்காதா. திரும்பக் கழுவு. எல்லாரும் தின்ற பிறகு தின். இவற்றைத்தான் ஊர் போத்தலில் பிடித்துக் குடித்திருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸகியா குவைத்திலிருந்து போனில் சுகமாக இருக்கிறேன் என்பாள். அதை நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது, நம்பினார். இப்போது வெட்கமாக இருந்தது.

மேடம் இப்படிச் சொன்னால் நீங்களெல்லாம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

"ஹாழிர், மேடம். சரி மேடம் எண்டுதான். வேறென்னத்தச் சொல்ற."

மறுநாள் காலையில் வந்த சனத்தையெல்லாம் படலையிலேயே திருப்பி அனுப்பினார். அடுப்படியைச் சீனியால் நாசமாக்கி ஒரு தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு போனார். ஸகியா வழமைபோல் சத்தம் போட்டாள். மீராசாஹிப் தலையைக் குனிந்து நின்று, "ஹாழிர், மேடம்" என்றார்.

ஸகியாவின் பேச்சு பாதியில் நின்றது. யார் சொன்னது என்று தேடுவதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு தேடித் தேடி அசைந்தது, தமிழ் வரவில்லை. எழுந்து, தான் இருந்த நாற்காலியை முந்தானையால் துடைத்து அவர் முன்னால் வைத்தாள்.

"தஃபழ்ழல்," என்றாள்.

அவர் வாசலில் கஞ்சியோடு வந்து நின்ற ஸுஹைனாவைப் பார்த்தார்.

"வீட்டுக்கு வாற விருந்தாளிக்குச் சொல்ற சொல்லு, காக்கா. வாங்க, இரிங்க எண்டு. நாள் முழுக்கக் கேப்பம். எங்களப் பாத்து ஒருத்தரும் சொல்லல்ல."

மீராசாஹிப் அதில் உட்காரவில்லை. நாற்காலியை ஸகியா பக்கம் திருப்பி வைத்து, தேத்தண்ணியை அவள் கையில் கொடுத்து, நாக்குப் புரண்ட மட்டுக்கு அந்தச் சொல்லை அவளைப் பார்த்துச் சொன்னார். ஸகியா உட்கார்ந்தாள்.