சூடு ஆறும்வரை

தாங்கிகளின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த கெரின், கைவிளக்கை இன்னும் சற்றுக் கிட்டே நகர்த்தினாள். டர்போவிலிருந்து கீழிறங்கிப் பின்பக்கம் திரும்பும் புகைக்குழாயின் வளைவில், கறுத்துச் சுருண்டு, ஒரு பிடி வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள். கருகிய தலைமுடி மாதிரி நொறுங்கியது. ஒரே ஒரு வைக்கோல் தாள் மட்டும் பாதி எரிந்து, பாதி மஞ்சளாகவே மிஞ்சியிருந்தது. காட்டு ஓட்ஸ் புல். நெவில் போலின் வயல்வாசலில் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது அதுதான். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. அங்கிருந்து தெற்கே பதினோரு கிலோமீட்டருக்கு ஒன்றுமே இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு அப்படியே கிடந்தாள். மூக்குக்கு ஒரு சாண் மேலே இரும்பு. பக்கவாட்டில் நகர்ந்தால் வெளியே வந்துவிடலாம். வரத் தோன்றவில்லை. தீ அணைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளும் அவள் இந்தக் காருக்கு அடியில் பார்க்காமலிருக்க ஏதேனும் ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு வருடமாக அவள் ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டிய கார் அது. பழைய ஜப்பான் வண்டி, ஊதா நிறம். வாங்கும்போது இன்ஜினே கிடையாது, உள்ளே கோழி முட்டையிட்டிருந்தது. பகலெல்லாம் தானியக் கிடங்கின் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வரிசையாக வரும் லாரிகளிலிருந்து கோதுமைச் சாம்பிள் எடுத்து ஈரப்பதம் பார்ப்பது அவள் உத்தியோகம். மாலையில் காருடன்தான் வாழ்க்கை. இன்ஜினுக்கு வேகம் கூட்டும் பெரிய டர்போ பொருத்திய நாளிலிருந்து அவளுக்குச் சூட்டோடுதான் சண்டை. மலையேற்றத்தில் ஐந்து நிமிடம் அழுத்தி ஓட்டினால் போதும், இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ச்சிய கொல்லன் இரும்பு மாதிரி சிவந்துவிடும். பக்கத்திலிருந்த ஒயர் உருகியது. ஒருமுறை பிரேக் எண்ணெயே கொதித்து, மிதித்த கால் தரைவரை போனது. அவள் விடவில்லை. மேனிஃபோல்டுக்குக் கண்ணாடி நார்ப் பட்டையைச் சுற்றினாள், டர்போவுக்குக் கம்பளிக் குல்லா மாதிரி ஓர் உறை போட்டாள், பானட்டில் காற்று போக ஓட்டை வெட்டினாள். பானட்டுக்குள் சூடு பாதியாகக் குறைந்தது. அந்தச் சூடெல்லாம் குழாய் வழியாகக் கீழே போயிற்று. கீழே கம்பெனிக்காரன் வைத்திருந்த தகரக் கவசம், புதிய பருத்த குழாய்க்கு இடம் போதாமல் இடித்தது. கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். வேறு கவசம் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அப்படி நினைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

தீப் பிடித்த அன்றைக்கு நாற்பத்தொரு டிகிரி. வடகாற்று காலையிலிருந்தே மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மதிய ஷிப்டுக்குக் கிளம்பியவள், ஆளில்லாத நேர்ச்சாலையையும் அதற்கப்புறமிருந்த மேட்டையும் பார்த்ததும் காலை அழுத்தினாள். அது அவளுடைய ஒரே சந்தோஷம். மேடு ஏறி முடித்தபோது கிடங்கிலிருந்து போன்: தீ அபாயம், பன்னிரண்டு மணியிலிருந்து அறுவடைக்குத் தடை, வேலை இல்லை, திரும்பிப் போ. ரோட்டை விட்டு இறங்கி, நெவிலின் வயல்வாசலில் வண்டியை நிறுத்தினாள். ஓடி வந்த சூட்டோடு உடனே அணைத்தால் டர்போவுக்குள் எண்ணெய் கருகிப்போகும் என்பது அவளுக்குப் பாலபாடம். இன்ஜினை ஓடவிட்டபடி இரண்டு நிமிடம் காத்திருந்தாள், சூடு காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்த்தபடி. தூரத்தில் நெவில் டிராக்டரில் வேலியோரப் புல்லை வெட்டிக்கொண்டு போவது தெரிந்தது. கை அசைத்தாள். அவரும் தொப்பியைத் தொட்டார். பிறகு திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து பேஜர் அலறியது. ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையில் லாரி ஓட்டுவது அவள்தான். எந்த இடம் என்று ஒயர்லெஸ்ஸில் சொன்னபோது, தான் நின்றுவிட்டு வந்த வயல்வாசல் அவளுக்கு நினைவு வந்தது. அப்போது யோசிக்க நேரமில்லை. தீ வேலியைத் தாண்டி ஹீதர் மினிஸின் நிலத்துக்குள் புகுந்திருந்தது. குதிரையைவிட வேகமாக ஓடியது. ஹீதரின் வீட்டைக் காப்பாற்ற முடிந்தது, கொட்டகையையும் ஆடுகளையும் முடியவில்லை.

மறுநாள் காலை, உயிரோடு மிஞ்சிய ஆடுகளைச் சுட வேண்டியிருந்தது. குளம்பு கழன்று, கண் வெந்து, வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. ஹீதர் துப்பாக்கியைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். கெரின் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எழுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். முடிந்ததும் ஹீதர் அவளைக் கட்டிக்கொண்டாள், இருவர் சட்டையிலும் ஒரே நாற்றம்.

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல, கெர்" என்றாள் ஹீதர். "சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

கெரின் குனிந்து, தரையில் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாய்களைக் கழுவிக் காயப்போடும்போது படைத்தலைவன் க்ளென்னிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சுதா?"

"நெவிலோட வேலியோரம். விசாரிக்க வந்தவங்க பாத்துட்டு எழுதிட்டுப் போயிட்டாங்க. புல்லு வெட்டுற கத்தி கல்லுல பட்டு பொறி பறந்திருக்கு. மனுஷன் தானாவே ஒத்துக்கிட்டாரு, அப்புறம் என்ன?"

"வாசலுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?"

"பத்து மீட்டர் இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

க்ளென் குழாயை உதறினான். "பாவம்டி அந்த ஆளு. தடைக்கு முன்னாடியே நிறுத்திட்டாராம். சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. அதைச் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறாரு."

ஊர் நெவிலை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மதுக்கடையில் அவருக்குப் பீர் வாங்கிக்கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வேறு மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். ஒருநாள் காலை அவர் தன்னுடைய ஆடுகளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போய் ஹீதர் வீட்டு வாசலில் விட்டார். ஹீதர் திருப்பி அனுப்பினாள். அடுத்த நாளும் கொண்டுபோய் விட்டார். மூன்றாம் முறை ஹீதர் கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து அழுதாள் என்று கிடங்குக்கு வந்த லாரிக்காரன் சொன்னான். கெரின் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு லாரிக்காரனும் ஒவ்வொரு கதை கொண்டுவந்தான். கூண்டின் ஜன்னல் ஒரு முழ அகலம். அதன் வழியாக வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது, எழுந்து போக வழியில்லை. பன்னிரண்டாம் நாள் வந்தவன், நெவில் பண்ணையை விற்கப்போகிறார் என்றான்.

அன்று ஷிப்ட் முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

நெவில் கொட்டகையில் புல்வெட்டும் கருவியைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரில் ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. சவரம் செய்யாத முகம் திடீரென்று யாரோ ஒருவருடையது மாதிரி இருந்தது.

"வா கெர். இதப் பாரு" என்று கத்தியின் விளிம்பைக் காட்டினார். நகக்கண் அளவு ஒரு சிராய்ப்பு. "கல்லுல பட்டிருக்கு. சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இறங்கிப் பாக்கணும்னு தோணுச்சு. பன்னெண்டு மணிக்குத் தடை வந்துடும், முடிச்சுட்டே போயிடலாம்னு ஓட்டிட்டேன். இறங்கியிருந்தா கால்ல மிதிச்சே அணைச்சிருப்பேன்."

"நெவில், அது நீங்க இல்ல. நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னாள். வாசல், காட்டு ஓட்ஸ், இரண்டு நிமிடம், சுவரில் சாய்த்து வைத்த தகரக் கவசம். சொல்லும்போது தன் குரல் யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பதுபோல அவளுக்கே கேட்டது. முடித்ததும் நெவில் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நீ நல்ல பொண்ணு கெர். எனக்குத் தெரியும். போன வாரம் க்ளென் வந்து, மின்னலா இருக்கும்னு சொன்னான். வானத்துல கைக்குட்டை அளவு மேகம் இல்லாத நாள்ல! நேத்துப் பாதிரியார் வந்தாரு. எவனோ வீசிட்டுப்போன கண்ணாடி பாட்டில் மேல வெயில் பட்டிருக்கும்ங்குறாரு. இன்னைக்கு உன் முறை. நீ காரைக் கொண்டாந்திருக்க."

"நான் சமாதானம் சொல்ல வரல."

"முப்பது வருஷமா என் வண்டியைப் புல்லுலதான் நிறுத்துறேன். ஒரு புகை வந்ததில்ல. போ, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. உன் மூஞ்சி எலும்பாயிடுச்சு."

கெரின் அங்கேயே நின்றாள். பன்னிரண்டு நாள் வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததைத் துப்பியாகிவிட்டது. அது போய் விழ இடம் இல்லை. அவர் எழுந்து அவள் தோளைத் தட்டி வழியனுப்பப் பார்த்தார். அந்தக் கையின் இதம் அவளுக்குத் தாங்கவில்லை.

"வண்டில ஏறுங்க" என்றாள். "உங்க வண்டி வேற, இது வேற. வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்தார் நெவில். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் அன்றைக்கு வந்த அதே திசையில் போய், திரும்பி, அதே நேர்ச்சாலையில் காலை அழுத்தினாள். டர்போவின் சீழ்க்கை ஏறியது. நெவில் கைப்பிடியை இறுகப் பிடித்தார். "அடக் கடவுளே, கொல்லப்போறியா என்னை?" என்று கத்தினார். அவள் மேட்டில் ஏறும்வரை காலை எடுக்கவில்லை. வயல்வாசலில் இறக்கி நிறுத்தினாள். சக்கரத்தின் கீழ் கரி, அப்பால் கரி, வேலிக்கம்பங்களின் கறுத்த அடிமுண்டுகள். இனி எரிய ஒன்றும் மிச்சமில்லாத இடம் அது ஒன்றுதான். அப்படியும் பின்சீட்டிலிருந்து முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பீச்சானை இறக்கி வைத்தாள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "குனிஞ்சு பாருங்க."

அவர் ஒரு கையை ஊன்றி, பிறகு மறு கையை ஊன்றி, கடைசியில் சாம்பலில் குப்புறப் படுத்தார். காருக்கு அடியில் இருட்டு. அந்த இருட்டில் ஒரு முழ நீளத்துக்குக் குழாய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல மங்கிய சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தரைக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. கெரின் ரோட்டின் மறுபக்கம் போனாள். அங்கே தீ போகவில்லை, ஓட்ஸ் இன்னும் நின்றது. ஒரு பிடி பிடுங்கி வந்து, அவர் பக்கத்தில் படுத்து, குழாயின் மேல் வைத்தாள். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. புகைந்தது. பின் சத்தமே இல்லாமல் பற்றிக்கொண்டது. வெளியே இழுத்துக் காலால் மிதித்து, மேலே தண்ணீர் அடித்தாள்.

நெவில் எழவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார். "எத்தனை நிமிஷம் நின்ன?"

"ரெண்டு."

"என்னத்துக்கு?"

"உடனே அணைச்சா டர்போ போயிடும். ஆறவிடணும்."

"ஆறவிடணும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். எழுந்து உட்கார்ந்தார். மார்பு, வயிறு, முகத்தின் ஒரு பக்கம் எல்லாம் கரி. அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள், அதற்காகத்தான் இத்தனையும். அது வந்தது, ஒரு நொடி. பிறகு வேறொன்று வந்தது.

"பன்னெண்டு நாளா நீ எங்க இருந்த?" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் சாம்பலில் உட்கார்ந்தாள்.

"ராத்திரி ராத்திரி எழுந்து அந்தக் கத்தியத் தடவிப் பாத்துட்டு இருந்தேன். மூணு தடவை ஆட்டை ஓட்டிட்டுப் போனேன் அவ வாசலுக்கு. நீ கூண்டுக்குள்ள உக்காந்து கேட்டுட்டு இருந்தியா?"

"ஆமா."

"கெட்டிக்காரி" என்றார் நெவில். வைதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. இருவரும் அந்தக் கரிக்காட்டில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வண்டியை எடுக்க வேண்டும், அவரை வீட்டில் விட வேண்டும். காருக்கு இன்னும் ஒரு நிமிடமாவது ஓட வேண்டியிருந்தது.

மேட்டின் உச்சியில் புழுதி கிளம்பியது. வண்டி கிட்டே வருவதற்கு முன்பே அது யாருடையது என்று இருவருக்கும் தெரிந்தது. வைக்கோல் கட்டுகள் நிறைந்த பின்தட்டு, ஒற்றை முன்விளக்கு: ஹீதர்.

"நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார் நெவில், ரோட்டைப் பார்த்தபடி. அது அவளைக் காப்பாற்றும் வார்த்தையா, கைகழுவும் வார்த்தையா என்று கெரினுக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை.

வண்டி வேகம் குறைந்து நின்றது. ஹீதர் ஜன்னலில் முழங்கையை வைத்து எட்டிப் பார்த்தாள். தீக்குப் பிறகு அவள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள், அந்தத் தலை சின்னதாகத் தெரிந்தது.

"என்ன, வண்டி மக்கர் பண்ணுதா? நெவில், உங்களை யாரு தரையில போட்டுப் பொரட்டினது?"

ஹீதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்ஜின் ஓடினாலும் காருக்கு ஏதோ பெரிய கோளாறு, பாவம், கெரின் மூஞ்சியே செத்துக் கிடக்கிறது என்று நினைத்திருப்பாள்.

"சரி, சரி. அழாத. இழுத்துட்டுப் போயிடலாம். கயிறு வச்சிருக்கேன்" என்று கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஹீதர், நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் கெரின்.

"இரு வரேன்."

ஹீதர் வைக்கோல் கட்டுக்கு அடியிலிருந்து கயிற்றை உருவித் தோளில் சுற்றிக்கொண்டு, அவர்களை நோக்கி நடந்து வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் பூட்சுக்கு அடியிலிருந்து சாம்பல் எழும்பியது. காற்று இல்லாததால் அது கலையாமல், அவள் கடந்து வந்த வழியெல்லாம் முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றது.